பந்தைக் கீழே வைத்தவனின் அக்கா

உனைசி யாரையும் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. நாந்தி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டியைத் திறந்து, பழம், விதை, தேன், இறைச்சி என்று ஃபிஜிக்குள் வரக்கூடாததைத் தேடி எடுப்பது அவள் வேலை. பதினேழு வருடமாகச் செய்கிறாள். ஷாம்பு பாட்டிலில் தேன் கொண்டுவந்த கிழவியைப் பிடித்திருக்கிறாள். செருப்பின் அடியை அறுத்து உள்ளே மிளகாய் விதை வைத்துத் தைத்துக்கொண்டு வந்த பாதிரியார் ஒருவரைப் பிடித்திருக்கிறாள். "கடவுள் என்னை மன்னிப்பாரும்மா" என்றாராம் பாதிரியார். "அவரு மன்னிக்கட்டும், விதையை இங்க வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி சீருடையோடு கழன்று விழாது. பால் பாக்கெட்டை மூன்று தடவை முகர்ந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டில் ஈரப்பலாக்காய் கொடுத்தனுப்பினால், போன வாரம் ஏன் கொடுக்கவில்லை, இன்றைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பாள். புருஷன் இனோக்கே பஸ் ஓட்டுகிறவன். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலிலேயே விசாரணை. அவனும் சளைத்தவன் இல்லை. "பெட்டியைத் திறக்கவா, சட்டையைக் கழட்டவா?" என்று கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்பான். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வராது.

அவள் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் வளர்த்த ஒரே ஜீவன் தம்பி அபிசாய். அம்மா சாகும்போது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினெட்டு. குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டு, எல்லாம் அவள்தான். ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு கட்டு உண்டு. பையனுக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசக்கூடாது. மரியாதை அது. கோபம் ஒன்றுமில்லை. அவன் கூடத்துக்குள் வந்தால் அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள். அவள் சமைத்ததை அவன் சாப்பிடுவான், அவன் சட்டையை அவள் துவைப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. இப்போதெல்லாம் பல வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். உனைசி விடவில்லை. பதினான்கு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, தம்பியின் பெயரை அவன் காதுபடச் சொன்னதில்லை.

அப்படியென்றால் எப்படிப் பேசுவார்கள்? இனோக்கே வழியாகத்தான். மச்சான் முறைக்காரர்களுக்குள் எதையும் பேசலாம், எப்படியும் பேசலாம். கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் தப்பு. அவள் அடுக்களையிலிருந்து ஒன்றைச் சொல்லி அனுப்புவாள். அது கூடத்துக்குப் போய்ச் சேரும்போது வேறொன்றாக இருக்கும். "குடிச்சுட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லு" என்பாள். இனோக்கே போய், "மச்சான், உங்கக்கா உன் மேல ரொம்பப் பாசமா இருக்கா, வாயை மட்டும் ஊதிக் காட்டணுமாம்" என்பான். இது அவளுக்கும் தெரியும். பாதி வழியில் கரைந்துவிடும் என்று தெரிந்தவள் உப்பை இரட்டிப்பாகத்தானே போடுவாள்? அப்படித்தான் பதினான்கு வருடமும் வண்டி ஓடியது. ஆள் வைத்துப் பேசுகிற வீடுகளில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் இது.

அபிசாய்க்கு இப்போது இருபத்து நாலு. மாகாண ரக்பி அணியில் ஓரத்தில் ஓடுகிறவன். பந்து கைக்கு வந்துவிட்டால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த மார்ச் மாதம் பிரான்சிலிருந்து ஒரு ரக்பி கிளப் இரண்டு வருட ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. தங்க வீடு, வைத்தியச் செலவு, எல்லாம் எழுத்தில். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உனைசி அதை நான்கு தடவை படித்து, கிளப்புக்கே போன் போட்டு, அங்கே ஆடுகிற தெரிந்த பையன் ஒருவனையும் விசாரித்த பிறகுதான் பெருமூச்சு விட்டாள். அவளுடைய சித்தப்பா மகன் எப்பேலி, ஒரு ஏஜெண்டை நம்பி வெளிநாட்டுக்கு ரக்பி ஆடப் போனவன். போய் இறங்கினால் அங்கே அணியும் இல்லை, மைதானமும் இல்லை, கோழிப்பண்ணைதான் இருந்தது. மூன்று வருடம் கோழி பிடித்துவிட்டுத் திரும்பினான். தம்பிக்கு அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை முழுக்க.

திங்கட்கிழமை காலை விமானத்தில் அந்த அமெரிக்கன் வந்தான். ஐம்பது வயது, கழுத்தே இல்லாத உடம்பு, பெயர் டாக்கரி. பெட்டியைத் திறந்தால் ஒரு நிறுத்தக் கடிகாரம், நீளமான அளவு நாடா, எட்டு ஜோடிக் கையுறை, காற்றில்லாத பந்து ஒன்று. பந்தை எடுத்து அமுக்கினாள், உருட்டினாள், முகர்ந்தாள்.

"இது என்ன?"

"கால்பந்துங்க. எங்க ஊரு கால்பந்து."

"கூம்பா இருக்கு. இத எப்படிக் காலால ஆடுவீங்க?"

"காலால ரொம்ப ஆடமாட்டோம். கையாலதான்."

கையால் ஆடுகிறதுக்குக் கால்பந்து என்று பேர் வைத்திருக்கிறவனை எப்படி நம்புவது? பந்தை எக்ஸ்ரே இயந்திரத்தில் இரண்டு தடவை விட்டாள். ஒன்றுமில்லை. போகவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அதே ஆள் கூடத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். முன்னால் யாங்கோனா வேர்க்கட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர்; ஒன்றைக் கேட்டு வருகிறவன் அதை வைத்துத்தான் கேட்க வேண்டும். சும்மா வரவில்லை, முறையோடு வந்திருக்கிறான். வேரைத் தாழ்வாக வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையைக் குவித்துத் தட்ட வேண்டிய இடத்தில் தட்டினான். இனோக்கே கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டுவிட்டான். ஏற்றுக்கொண்ட பிறகு வந்தவன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லுகிற வழக்கம் இங்கே கிடையாது. முறை தெரியாமல் வரும் வெளிநாட்டுக்காரனைப் பற்றி உனைசிக்குப் பயமில்லை. முறை தெரிந்து வருகிறவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார், எதற்கு?

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அமெரிக்கக் கால்பந்தில் சம்பளத்துக்கு ஆடுகிற அணிகளுக்கு ஆள் தேடுகிறவனாம். அபிசாய் ஓடுகிற வீடியோவைப் பார்த்தானாம். வியாழக்கிழமை இங்கேயே ஒரு பரீட்சை வைப்பானாம். தேறினால் பத்து வாரம் அமெரிக்காவில் பயிற்சி, அதற்குப் பிறகு ஏதாவது ஒரு அணி எடுத்தால் எடுக்கலாம்.

"எடுக்கலேன்னா?" என்று இனோக்கே கேட்டான்.

"எடுக்கலேன்னா திரும்பி வரணும். பொய் சொல்ல மாட்டேன். நூறு பேரு வந்தா ரெண்டு பேரு நிப்பாங்க. ரக்பிக்காரன் நல்லா ஓடுவான், நல்லா இடிப்பான், பயப்பட மாட்டான். ஆனா பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் அது வேற ஆட்டம்."

பிரான்ஸ் கிளப் அதுவரை காத்திருக்காது. உனைசிக்கு இரத்தம் கொதித்தது. கையில் இருப்பதை விட்டுவிட்டு நூற்றில் இரண்டுக்கு வா என்கிறான். அதையும் ஒளிக்காமல் சொல்கிறான் பாருங்கள், அதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. ஒளிக்காதவன் வேறு எதையோ ஒளிக்கிறான்.

இரண்டு நாள் அவனைத் தோண்டினாள். ஹோட்டல் வரவேற்பில் இருக்கிற சிநேகிதியிடம் விசாரித்தாள். எத்தனை நாள் அறை எடுத்திருக்கிறான், யார் யாரைப் பார்க்கிறான், ராத்திரி குடிக்கிறானா. அமெரிக்காவில் இருக்கிற உறவுக்காரியை எழுப்பி அவன் பெயரைத் தேடச் சொன்னாள். அவன் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தது. மூன்று தீவுக்காரப் பையன்களைக் கூட்டிப் போயிருக்கிறான். இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருத்தன் இன்னும் அங்கே ஆடுகிறான். உனைசிக்கு ஆத்திரம்தான் அதிகமானது. பிடிக்க ஒரு நுனிகூடக் கொடுக்காத ஆளை என்ன செய்வது?

புதன்கிழமை சாயங்காலம் இனோக்கேயைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்ன நெனைக்கிறான்?"

"போகணும்னுதான் நெனைக்கிறான். 'ரக்பியில நான் யாருன்னு எனக்குத் தெரியும் மச்சான். அங்க போனா தெரியாது. அதப் பாக்கணும் போல இருக்கு'ன்னான்."

"இது அவன் சொன்னதா, நீ சேத்ததா?"

"நான் எதுக்குச் சேக்குறேன்?"

"எதுக்கா? அந்த வேர்க்கட்ட எதுக்கு உடனே தொட்ட? என்னைக் கேட்டியா? அந்த ஆளு உனக்கு என்ன குடுத்தான்? பதினாலு வருஷமா நான் ஒண்ணு சொன்னா நீ அங்க போய் வேற ஒண்ணு சொல்ற. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

இனோக்கே எப்போதும் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. முகம் விழுந்துவிட்டது. கட்டிய புருஷனையே விலைபோனவன் என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

"சரி. என்ன சொல்லணும்? அப்படியே சொல்றேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றான்.

கோபத்தில் இருந்தவள் அதைக் கவனித்தாளா? இல்லை. வழக்கம் போல இரட்டை உப்பு போட்டாள். "அமெரிக்காவுக்குப் போறவன் இனிமே என் வீட்டுல கிழங்கு திங்கக் கூடாது. நான் செத்தா மண்ணு போடவும் வரக்கூடாது. போய் இதச் சொல்லு."

அவன் போனான். கூடத்தில் இருந்து சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அபிசாய் தட்டில் வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டான். பரீட்சைப் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். முந்தின நாள் மழை பெய்து ஒரு பக்கம் சொதசொதவென்று இருந்தது. தெருவே வந்துவிட்டது என்று சொல்லலாம். ஓட்டத்தில் அபிசாய் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்கரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஓடச் சொன்னான். அதே நேரம்தான் வந்தது. எறிந்த பந்தையெல்லாம் பிடித்தான்.

அதற்குப் பிறகுதான் கூத்து. மாகாண அணிப் பையன்களை ஆறு பேருக்கு ஆறு பேராக நிறுத்தி அவர்கள் ஊர் ஆட்டத்தை ஆடச் சொன்னான் டாக்கரி. பந்து இல்லாதவனையும் மோதித் தள்ளலாம் என்றான். ரக்பியில் அது பெருங்குற்றம். பையன்கள் தள்ளிவிட்டு, "மன்னிச்சுக்க", "அடி பட்டுச்சா" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அபிசாய் எல்லையைத் தாண்டியதும் பாய்ந்து விழுந்து பந்தைத் தரையில் இரண்டு கையாலும் அழுத்தினான். ரக்பியில் அப்படி அழுத்தினால்தான் புள்ளி.

"எதுக்கு விழுந்த? கோட்டத் தாண்டுனா போதும்" என்றான் டாக்கரி.

"தரையத் தொடாம எப்படிங்க புள்ளி ஆகும்?" என்று ஒரு பையன் கேட்டான். கூட்டம் அவன் பக்கம்தான் இருந்தது.

அடுத்த ஓட்டத்தில் அபிசாய் சேற்றில் வழுக்கி விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. விழுந்த வேகத்திலேயே பந்தைப் பின்னால் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். இந்தத் தீவில் நடக்கப் பழகிய எவனும் அதைத்தான் செய்வான். விழுந்தால் பந்தை விடு, பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்வான், அதுதான் ரக்பி. உடனே இரண்டு பக்கத்து ஆளும் ஓடிவந்து பந்துக்கு மேல் தோளோடு தோள் கோத்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்கள். டாக்கரி விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப் போனான்.

"கேளு. உன்ன யாரும் தொடல. தொடாம நீயா விழுந்தா ஆட்டம் நிக்காது. எழுந்து ஓடலாம். பந்தை விட்டா எதிராளி எடுத்துக்கிட்டுப் போயிடுவான். அங்க இத ஒரு தடவ செஞ்சா ஆட்டம் போகும். ரெண்டு தடவ செஞ்சா வேலையே போகும். புரியுதா?"

அபிசாய் தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வழுக்கினான், மறுபடி பந்தை வைத்தான். இந்தத் தடவை எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் யோசித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லையைத் தாண்டினான். டாக்கரி நோட்டில் என்னவோ எழுதினான். உனைசிக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன். முடியாது, இருபது வருடப் பழக்கத்தைக் கை எப்படி மறக்கும், பேசாமல் பிரான்சுக்குப் போகட்டும்.

மூன்றாவது தடவைதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அபிசாய் பந்தோடு வந்தான். தரை காய்ந்திருந்த பக்கம். ஓட்டத்தைத் தளர்த்தினான், இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், பக்கத்தில் யாருமில்லை என்று உறுதியான பிறகு முட்டி போட்டு விழுந்து, பந்தைப் பின்னால் வைத்தான். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உனைசி அடித்துக்கொள்ளவில்லை. பதினேழு வருடமாக அவள் பெட்டியைப் பார்த்ததில்லை, பெட்டியைத் திறக்கிற கையைத்தான் பார்த்திருக்கிறாள். வழுக்கி விழுகிறவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு விழமாட்டான். இவன் வேண்டுமென்றே தோற்கிறான்.

எழுந்து கூட்டத்துக்குள் புகுந்து இனோக்கேயைப் பிடித்தாள்.

"நேத்து அவங்கிட்ட என்ன சொன்ன?"

"நீ சொன்னதத்தான்."

"எப்படிச் சொன்ன?"

"அப்படியே. கிழங்கு திங்கக் கூடாது, மண்ணு போட வரக்கூடாது. ஒரு எழுத்து மாத்தல. பதினாலு வருஷத்துல இப்பதான் முதல் தடவ நீ சொன்னத அப்படியே சொன்னேன்."

"அடப்பாவி, அத அப்படியே சொல்லுவாங்களா?"

"நீதானே சொல்லச் சொன்ன?"

"அவன் என்ன சொன்னான்?"

"தட்டத் தள்ளி வெச்சுட்டு, 'வேரு வாங்கியாச்சே மச்சான், அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேங்கிறது'ன்னான். அவ்வளவுதான்."

உனைசிக்கு அப்போதுதான் விளங்கியது. வந்தவனையும் அவமதிக்க முடியாது, அக்காவையும் மீற முடியாது. அதனால் பையன் தன்னையே கவிழ்த்துக்கொண்டிருக்கிறான், இத்தனை பேர் பார்க்க, தன்னைக் கையாலாகாதவன் என்று காட்டிக்கொண்டு. அந்த அமெரிக்கன் ஏமாற்றுவான் என்று மூன்று நாளாகத் தேடினாளே, தம்பிக்கு ஆசைப்பட்டதைக் கிடைக்கவிடாமல் செய்தது யார்? வேறு யாருமில்லை, அவள்தான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"போய் அவங்கிட்டச் சொல்லு," என்று ஆரம்பித்தாள். மைதானத்தில் டாக்கரி கடைசி ஓட்டம் என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தான். நோட்டை மூடி அக்குளில் வைத்துவிட்டான். இனோக்கே அந்தப் பக்கம் நடந்துபோய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கோட்டு ஓரம் வரைக்கும் நடந்தாள். அவள் எதற்கு வருகிறாள் என்று புரிந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அபிசாய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான், பத்தடி தூரத்தில்.

"அபிசாய்" என்றாள்.

அவன் முதுகு அசையவில்லை.

"பந்த விடாத."

மூன்றே வார்த்தை. அபிசாய் திரும்பிப் பார்க்கவில்லை. முறைப்படி பார்க்கவும் கூடாது. ஆனால் கழுத்தும் காதும் சிவந்து போனதை அவள் பார்த்தாள்.

பந்து அவன் கைக்கு வந்தது. இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாமவனைத் தாண்டி, அந்தச் சேற்றுப் பக்கமாகவே போனான். பாழாய்ப்போன அதே இடத்தில் கால் வழுக்கியது. நிஜமாகவே வழுக்கியது. விழுந்ததும் கை பழக்கத்தில் பந்தோடு பின்னால் போனது. பாதி வழியில் நின்றது. பந்தை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, எழுந்து, ஓடினான். எல்லையைத் தாண்டிய பிறகும் பந்தைத் தரையில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

டாக்கரி நோட்டைத் திரும்பவும் திறந்தான். ஆட்டம் கலைந்ததும் உனைசி நேரே அவனிடம் போனாள்.

"இவனால முடியுமா?"

"தெரியாதுங்க. காலு இருக்கு. தைரியம் இருக்கு. கை மறக்கணும், மறுபடி கத்துக்கணும். அது முடியுமான்னு இங்கேர்ந்து சொல்ல முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க கோழிப்பண்ணை எதாவது இருக்கா?"

அவனுக்குப் புரியவில்லை. இல்லை என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலையும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் சேப்பங்கிழங்கை வைத்தாள். அபிசாய் குளித்துவிட்டு வாசல் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டான், உள்ளே வரவில்லை. வெகுநேரம் கழித்து இனோக்கே அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"பிரான்ஸ்காரனுக்கு வேண்டாம்னு எழுதிட்டான்" என்றான்.

அவள் கிழங்கைக் குத்திப் பார்த்தாள். வெந்துவிட்டிருந்தது.

"அப்புறம் உன்ன ஒண்ணு கேக்கச் சொன்னான்."

"என்ன?"

"வீட்டுல கிழங்கு உண்டான்னு."

உனைசி அவன் முகத்தையே பார்த்தாள். "அப்படியே கேட்டானா, நீயா சேத்தியா?"

"அப்படியேதான் கேட்டான்."

தட்டில் பெரிய துண்டுகளாக எடுத்து வைத்து, மேலே தேங்காய்ப்பாலை ஊற்றினாள். இனோக்கே வழக்கம் போல வாங்கிக்கொண்டு போகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தட்டோடு கூடத்தைத் தாண்டி அவளே வாசலுக்குப் போனாள். அபிசாய் தெருவைப் பார்த்தபடி இருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும், தலையைத் திருப்பாமலே, பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.